தெரியாத சொல்லை எங்கே தேடுவது? ஒரு கணுக்கால் சத்திரசிகிச்சைக் குறிப்பின் படியெடுப்பு ஆய்வு

மருத்துவப் படியெடுப்பு வேலைக்கு, அதாவது டொக்டர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சுச் செய்யும் ட்ரான்ஸ்கிரிப்ஷனுக்கு, புதிதாக வருகிறவர்களிடம் தெரியாத சொல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், காதில் விழுந்ததை அப்படியே கூகுளில் தட்டிப் பார்ப்போம் என்பார்கள். சில நேரம் அது கைகொடுக்கும். பல நேரம் பிழையான சொல்லைச் சரியான எழுத்துக்கூட்டலோடு எடுத்துக் கொடுத்துவிடும். என் எண்ணம் வேறு. அந்தச் சொல் வசனத்தில் எந்த இடத்தில் நிற்கிறது, உடம்பின் எந்தப் பகுதியைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, அங்கே வரவேண்டியது கருவியா, நரம்பா, மருந்தா, ஒரு ஆளின் பெயரா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒலியை ஒப்பிடுவது கடைசி வேலை. அப்படியும் உறுதியாகாவிட்டால் இடத்தை வெறுமையாக விட வேண்டும்.

இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதனால் ஒரே ஒரு ஃபைலை எடுத்து முழுதாக எழுதுகிறேன்.

யார், எங்கே, என்ன ஃபைல்

கல்முனையில் ஒரு வீட்டின் முன் அறையில் இருந்து நாங்கள் சில பெண்கள் இந்த வேலையைச் செய்கிறோம். கொழும்பு நிறுவனம் ஒன்றின் வழியாக அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ஒலிப்பதிவுகள் வருகின்றன. அங்கே மாலையில் டொக்டர் பேசி முடிக்கும் நேரம் இங்கே விடியப்புறம். நாங்கள் எழும்பும்போது ஃபைல்கள் வந்து கிடக்கும். மற்றவர்கள் தட்டச்சுச் செய்ததை ஒலியோடு சேர்த்துக் கேட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

இந்த ஃபைலைத் தட்டியவர் சாய்ந்தமருதிலிருந்து வரும் ஒரு தங்கச்சி. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர், தமிழ் மொழிமூலம். எந்த எலும்பு எங்கே இருக்கிறது, எந்த நரம்பு எதன் பக்கத்தில் ஓடுகிறது என்று கேட்டால் படம் வரைந்து காட்டிவிடுவார். ஆனால் ஒரு அமெரிக்க டொக்டர் சத்திரசிகிச்சை முடிந்த களைப்போடு வேகமாகச் சொல்லும்போது அந்தப் பெயர்கள் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குப் புதிது. உடம்பை அறிந்த ஆளுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லிக்கொடுப்பது இலகு. மறுபக்கமாகப் போவதுதான் கஷ்டம். அதனாலேயே உயிரியல் படித்த பிள்ளைகளை நான் விரும்பிச் சேர்க்கிறேன். இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறார்களா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஃபைல் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலானது. அறுபது வயது தாண்டிய ஒரு பெண் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலின் வெளிப்பக்கம் முறிந்திருக்கிறது. தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே நான் எழுதவில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டம் நோயாளியின் தகவலை வெளியே விடக்கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம்தானே. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சொல் விளங்கவில்லை என்று ஒலியை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இது என்ன சொல் என்று ஆராவது சொல்லுங்க' என்று கேட்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. தேடினால் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடலாம். பெயர், வயது, ஊர், ஒலி எதுவும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது.

முதல் கேட்டல்

தட்டத் தொடங்கும் முன் ஒருமுறை கடைசி வரை கேட்டுவிடுங்கள் என்று சொல்வது எங்கள் வழக்கம். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்த ஃபைலிலேயே இரண்டாம் நிமிடத்தில் 'சின்டெஸ்...' என்று விழுங்கிச் சொன்ன ஒரு சொல்லை, நாலாம் நிமிடத்தில் டொக்டர் நிறுத்தித் தெளிவாகச் சொல்கிறார்: சின்டெஸ்மோசிஸ். கிரேக்கத்தில் சின் என்றால் ஒன்றாக, டெஸ்மோஸ் என்றால் கட்டு. கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இணையங்களின் (லிகமெண்ட்) கட்டு அது. முதலில் விளங்காத இடத்திலேயே நின்று பெடலை மிதித்து மிதித்துத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் காதும் களைத்துப் போகும், நேரமும் போகும். கடைசி வரை கேட்டிருந்தால் டொக்டரே விடை சொல்லியிருப்பார்.

முழுதாகக் கேட்பதில் இன்னொரு நன்மை, முறிவு எந்தக் காலில், எந்தப் பக்கத்தில், என்ன செய்தார்கள் என்ற கதை மனதில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கதைக்குள் வைத்துப் பார்க்கலாம்.

சொற்கள், ஒவ்வொன்றாக

தங்கச்சியின் முதல் படியில் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடு ஓரிரண்டு இடத்தில்தான் இருந்தது. பார்த்தால் நல்ல படி. ஆனால் கோடு இல்லாத இடங்களில்தான் பெரிய பிழைகள் இருந்தன. இந்த வேலையின் ஆபத்தே இதுதான். கணினிக்குத் தெரியாத சொல்லைக் கணினி காட்டிக்கொடுக்கும். கணினிக்குத் தெரிந்த, ஆனால் டொக்டர் சொல்லாத சொல்லை எதுவும் காட்டிக்கொடுக்காது.

முதலாவது, 'பெரினியல்' நரம்பு. டொக்டர் சொன்னது பெரோனியல். நடுவில் 'ஓ' வரவேண்டிய இடத்தில் 'ஐ' வந்திருக்கிறது, ஒரே எழுத்து. இரண்டும் உண்மையான மருத்துவச் சொற்கள், இரண்டும் அகராதியில் உண்டு. பெரோனியல் என்றால் காலின் வெளிப்பக்கத்துக்கு உரியது. பெரினியல் என்றால் இரண்டு தொடைகளுக்கும் நடுவே, மலவாயிலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையில் உள்ள பகுதிக்கு உரியது. கணுக்காலின் வெளிப்பக்கத்தைக் கீறும்போது மேலோட்டமாக ஓடும் பெரோனியல் நரம்பு வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்வார்கள், அதைக் குறிப்பிலும் எழுதுவார்கள். நான் தங்கச்சியிடம் சொல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இப்ப டொக்டர்ர கத்தி எங்க நிக்குது?" என்றுதான் கேட்டேன். "கணுக்கால்ட வெளிப்பக்கம் அக்கா" என்றார். சொல்லி முடிக்கும் முன்னமே கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. (இந்த நரம்பை ஃபிபுலர் நரம்பு என்றும் இப்போது எழுதுகிறார்கள். ஆனால் டொக்டர் எதைச் சொன்னாரோ அதைத்தான் நாம் எழுத வேண்டும்.)

இரண்டாவது, கீறலைத் திறந்து பிடிக்க ஒரு 'வீட் லேண்டர்' வைத்தார்கள் என்று இருந்தது. கோதுமையும் தரையிறங்குகிறவரும் சேர்ந்து ஒரு சொல். இதைக் கூகுளில் தட்டினால் விவசாய இயந்திரங்கள் வரும். ஆனால் வசனத்தைப் பாருங்கள்: இந்தச் சொல்லுக்கு அடுத்து ரிட்ராக்டர் என்று தெளிவாகக் கேட்கிறது. ஆகவே இது காயத்தின் விளிம்புகளை விலக்கிப் பிடிக்கும் கருவியின் பெயர். கருவிக்குப் பெயர் வந்தால் பெரும்பாலும் அதை உருவாக்கிய ஆளின் பெயராக இருக்கும். தேட வேண்டியது தானாக நின்று பிடிக்கும் ரிட்ராக்டர்களின் பட்டியல். அதில் கெல்பி வருகிறது, வெய்ட்லேனர் வருகிறது. இங்கேதான் ஒலிக்கு வேலை. வெய்ட்லேனர், ஒஸ்திரிய மருத்துவர் ஒருவரின் பெயர். இங்கிலீஷ்காரர் வாயில் அது 'வீட்லானர்' ஆகிவிடும். பட்டியலில் அந்த ஒலிக்குக் கிட்ட வருவது அது ஒன்றுதான்.

இதே வழியில்தான் எஸ்மார்க்கும் கிடைத்தது. காலில் இரத்தம் இல்லாமல் செய்து, இரத்த ஓட்டத்தை இறுக்கித் தடுக்கும் பட்டியான டர்னிக்கெட்டை ஊதினார்கள் என்பது வசனம். அதில் ஒரு 'இஸ் மார்க்' பாண்டேஜ் என்று இருந்தது. காலை நுனியிலிருந்து மேல்நோக்கி இறுக்கிச் சுற்றி இரத்தத்தை மேலே தள்ளும் ரப்பர் பட்டி அது. 19ஆம் நூற்றாண்டு ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ஃப்ரீட்ரிஷ் ஃபொன் எஸ்மார்க் பெயரால் வழங்குகிறது. கடைசியில் 'கே' இல்லை, 'சி.எச்.' என்று முடியும். அதே வசனத்தில் இரத்தத்தை வெளியேற்றுவதைச் சொல்லும் எக்ஸாங்குவினேட் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். லத்தீனில் சாங்குயிஸ் என்றால் இரத்தம், அதன் முன்னால் 'எக்ஸ்' சேர்கிறது. ஆகவே எக்ஸுக்குப் பிறகு 'எஸ்' கட்டாயம் இருக்க வேண்டும். காதுக்கு அந்த எஸ் கேட்காது. சொல் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் அது தெரியும்.

மேசனூவ் வந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. டொக்டர், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பின் மேல்முனையைத் தொட்டுப் பார்த்தேன், நோவு இல்லை, எக்ஸ்ரேயிலும் 'மேசன் நூ' முறிவு இல்லை என்கிறார். தங்கச்சி இதை வெறுமையாக விட்டிருந்தார். சரியான காரியம். ஒலியை வைத்துத் தேடினால் மேசன் என்று முழங்கையில் வரும் ஒரு முறிவு வகைப்பாடே முதலில் கிடைக்கும். எலும்பு முறிவு சம்பந்தப்பட்ட பெயர் என்பதால் நம்பிவிடவும் தோன்றும். ஆனால் இது கை இல்லையே. நாங்கள் ஒலியை ஒதுக்கிவிட்டுப் பொருளைத் தேடினோம்: கணுக்கால் திருகுப்பட்டு, விசை மேலே ஏறி, அதே எலும்பின் மேல்முனை முறிவதற்கு என்ன பெயர்? விடை உடனே வந்தது, மேசனூவ் முறிவு. பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் பெயர். நடுவில் இரண்டு 'என்', கடைசியில் ஊமை 'இ'. ஒலியைப் பிடித்துக்கொண்டு எந்தத் தமிழ்க் காதும் அந்த எழுத்துக்கூட்டலுக்குப் போய்ச் சேர முடியாது.

அடுத்து, கணுக்கால் முறிவுகளைப் பிரித்துச் சொல்லும் வெபர் வகையை எடுத்துக்கொள்வோம். தங்கச்சி 'வெபர் டி' என்று தட்டியிருந்தார். பி, சி, டி, ஈ எல்லாம் ஒரே வாலோடு முடியும் எழுத்துகள். ஒலிப்பதிவில் தலை அறுந்துபோனால் எது என்று சொல்வது கடினம். ஆனால் வெபர் வகைப்பாட்டில் ஏ, பி, சி என்று மூன்றே வகைகள்தான். டி என்று ஒன்று இல்லை. சின்டெஸ்மோசிஸுக்குக் கீழே முறிந்தால் ஏ, அதன் மட்டத்தில் முறிந்தால் பி, மேலே முறிந்தால் சி. இதற்கு முந்தின வசனத்திலேயே, முறிவு சின்டெஸ்மோசிஸ் மட்டத்தில் இருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே பி. வேகத்தைக் குறைத்துத் திரும்பக் கேட்டபோது உதடு ஒட்டித் திறக்கும் சத்தமும் கேட்டது.

நூலின் பருமனை இரண்டு வரியில் முடிக்கிறேன். டொக்டர் 'டூ ஓ வைக்ரில்' என்றார், படியில் 20 வைக்ரில் என்று இருந்தது. தையல் நூலில் 2-0, 3-0 என்று சிறுகோடு போட்டு எழுத வேண்டும். முன்னால் உள்ள எண் கூடக்கூட நூல் மெலிந்துகொண்டு போகும்.

கடைசியாக, கொட்டன் டெஸ்ட். எலும்பைப் பொருத்திய பிறகு வெளிப்பக்க எலும்பைக் கொக்கியால் இழுத்துப் பார்த்து, உள்பக்க எலும்பிலிருந்து விலகுகிறதா என்று சோதிப்பார்கள். தங்கச்சி சிறிய எழுத்தில் தட்டியிருந்தார், பஞ்சு என்று பொருள்படும்படி. சத்திரசிகிச்சை அறையில் பஞ்சு இருக்கத்தானே செய்யும், அதனால் சந்தேகமே வரவில்லை. ஆனால் இது ஃப்ரெடெரிக் கொட்டன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர், பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் ஆயுள் முழுக்கத் தேடினாலும் இதைப் பிடிக்காது. இப்போது பல ஃபைல்களுக்கு இயந்திரமே முதல் படியைத் தட்டித் தருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் அதுவும் பஞ்சைத்தான் எழுதும், வெற்றிடம் விடவும் விடாது. 2018இல் அமெரிக்காவில் 217 மருத்துவக் குறிப்புகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், இயந்திரம் தந்த படியில் 100 சொல்லுக்கு 7.4 பிழை இருந்தது. படியெடுப்பாளர் திருத்திய பிறகு அது 0.4 ஆனது. இயந்திரம் வந்துவிட்டது, இனி எங்களுக்கு என்ன வேலை என்று மனம் சோரும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் கணக்கு இது.

எங்கள் காது

பிழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. அதை எழுதிவைப்பது தமிழ் பேசுகிற எல்லாப் படியெடுப்பாளருக்கும் உதவும்.

நாம் 'பல்' என்பதிலும் 'கம்பு' என்பதிலும் இரண்டு வேறு ஒலிகளைச் சொல்கிறோம், ஆனால் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். 'கல்', 'தங்கம்' என்பதிலும் அப்படியே. அந்த வேறுபாடு பொருளை மாற்றாததால் காது அதைக் கவனிக்காமல் விடப் பழகியிருக்கிறது. இங்கிலீஷில் அதே வேறுபாடு ஒரு மருந்தை இன்னொரு மருந்தாக்கிவிடும். எங்கள் பகுதியில் ஃப வரும் இடத்தில் ப கேட்பதும், ஸ, ஷ, ஜ ஒலிகள் ஒன்றோடொன்று கலப்பதும் உண்டு. விழுங்கச் சிரமப்படுவது டிஸ்ஃபேஜியா, பேசச் சிரமப்படுவது டிஸ்ஃபேசியா. பக்கவாதம் வந்த நோயாளிக்கு இரண்டும் வரலாம் என்பதால் அங்கே சூழலும் முழுதாகக் கைகொடுக்காது. ஆகவே, தெரியாத சொல் வந்தால் கேட்ட ஒலியோடு நிற்காமல் அதன் உடன்பிறந்த ஒலிகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். பி என்று கேட்டால் இரண்டு விதமாகவும் (P, B), எஃப் ஆகவும். டி (D) என்று கேட்டால் ரி (T) ஆகவும்.

சில சொற்களில் எந்தக் காதும் உதவாது. இலியம் என்று இரண்டு உண்டு. ஒன்று இடுப்பு எலும்பு, மற்றது சிறுகுடலின் கடைசிப் பகுதி. எழுத்துக்கூட்டலில்தான் வேறுபாடு, ஒலி ஒன்றே. பிறவியிலேயே இங்கிலீஷ் பேசுகிறவருக்கும் அங்கே நமக்கு இருக்கிற வசதிதான் இருக்கிறது: பேச்சு எலும்பைப் பற்றியதா, குடலைப் பற்றியதா என்று பார்ப்பது. இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வந்தது.

சுற்றுச் சத்தத்தையும் சொல்ல வேண்டும். பாங்கு, கோயில் மணி, பஸ் ஹோர்ன் எல்லாம் எங்கள் அறைக்குள் வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் ஒலிபெருக்கி இரவிரவாகப் பாடும். அவை ஊரின் உயிர், நிறுத்தச் சொல்ல முடியாது. அந்த நேரங்களில் ஏற்கெனவே தட்டிய படிகளை வாசித்துத் திருத்தும் வேலையை வைத்துக்கொள்கிறோம். மருந்துப் பட்டியல் உள்ள ஃபைலை அப்போது எடுப்பதில்லை.

நிரப்பாமல் விட்ட இடம்

ஃபைலின் கடைசி நிமிடத்தில் நோயாளி வீட்டில் எடுக்கும் மருந்துகள். டொக்டர் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரத்தம் உறையாமல் இருக்க லவ்னொக்ஸ் 40 மி.கி., அது தெளிவு. அதற்கு முந்தின மருந்து 'செலெ' என்று தொடங்குகிறது. உடனே அவரது பேஜர் கூவுகிறது. சொல்லின் வாலும் அளவும் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டன. பிறகு 'தினமும்' என்று மட்டும் கேட்கிறது.

தங்கச்சி செலெப்ரெக்ஸ் என்று தட்டியிருந்தார். காரணம் கேட்டபோது நல்ல காரணம் சொன்னார்: "எலும்பு டொக்டர், நோயாளிக்கு முழங்கால் வாதம் இருக்குது. செலெப்ரெக்ஸ் வாதத்துக்குக் குடுக்கிற மருந்துதானே அக்கா." நான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொடுத்த வழியிலேயே அவர் யோசித்திருக்கிறார். ஆனால் அந்த வழி இங்கே போதாது. செலெக்சா என்று இன்னொரு மருந்து இருக்கிறது, மனச்சோர்வுக்குக் கொடுப்பது. இரண்டுமே 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. வலிப்புக்குக் கொடுக்கும் செரிபிக்ஸும் இவற்றோடு சேர்ந்து குழம்பும் பெயர். மூன்றும் குழப்பம் தரும் மருந்துப் பெயர்களின் பட்டியல்களில் நெடுநாளாக இருக்கின்றன. இந்த நோயாளியின் முன்வரலாற்றை மேலே போய்ப் பார்த்தோம். முழங்கால் வாதம் இருக்கிறது. அதே வசனத்தில் மனச்சோர்வும் இருக்கிறது.

அளவு தெரிந்திருந்தால் முடிவு செய்திருக்கலாம். செலெக்சா மாத்திரைகள் 10, 20, 40 மி.கி. அளவில் வருகின்றன. செலெப்ரெக்ஸ் 50, 100, 200, 400. இரண்டுக்கும் பொதுவான அளவு ஒன்றுகூட இல்லை. ஆனால் அளவைத்தான் பேஜர் விழுங்கிவிட்டதே. நோயாளியின் பழைய குறிப்புகள் எங்கள் திரைக்கு வருவதில்லை. வேகத்தைக் குறைத்தோம், ஒலியைக் கூட்டினோம், ஹெட்செட்டை மாற்றினோம். பேஜர் இன்னும் தெளிவாகக் கேட்டது, அவ்வளவுதான்.

வெற்றிடம் விட்டோம். கீழ்க்கோடு போட்டு, ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்து, 'செலெ என்று தொடங்குகிறது, பேஜர் சத்தத்தில் மறைந்துவிட்டது, அளவும் கேட்கவில்லை' என்று எழுதினோம். செலெப்ரெக்ஸா, செலெக்சா என்று இரண்டு பெயரையும் போட்டுக் கேட்பதா என்று தங்கச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். அவசரத்தில் இருக்கும் டொக்டர் முதலில் கண்ணில் படும் பெயரை ஆமோதித்துவிடக்கூடும். தன் நோயாளிப் பட்டியலைப் பார்த்து எழுதும்படி இடத்தைத் திறந்து விடுவதுதான் நல்லது.

வெற்றிடம் விட்டால் தரப் புள்ளி குறையும் என்று பயப்படும் பிள்ளைகள் உண்டு. சில நிறுவனங்களில் குறைக்கவும் செய்கிறார்கள். அது மிகவும் பிழையான நடைமுறை என்று நான் எங்கும் சொல்வேன், ஏனென்றால் அது ஊகிக்கச் சொல்லித் தள்ளுகிறது. இங்கே ஊகம் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். செலெப்ரெக்ஸ் என்று எழுதியிருந்தால், லவ்னொக்ஸோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடும் என்று யாராவது அதை நிறுத்தியிருப்பார்கள், அல்லது நோவு மாத்திரையாக அதைக் கொடுத்திருப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை பட்டியலில் இல்லாமலே போயிருக்கும். அதைத் திடீரென்று விட்டால் தலைசுற்று, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரும். சத்திரசிகிச்சைக்குப் பிந்தின களைப்பு என்று அதையும் கடந்து போயிருப்பார்கள்.

இது மிகையாகத் தோன்றினால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வழக்கு ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 2008இல் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் குறிப்பில், இன்சுலின் 8 யூனிட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 80 என்று வந்துவிட்டது. படியெடுப்பு இந்தியாவில் நடந்தது. அடுத்து அவரைப் பராமரித்த இடத்தில் 80 யூனிட்டே கொடுத்தார்கள். அவர் இறந்துபோனார். 2012இல் நடுவர் குழு 14 கோடி டொலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எட்டும் எண்பதும் இங்கிலீஷில் ஒரு சிறு வாலால்தான் வேறுபடுகின்றன. எங்கள் மேசையிலிருந்து ஒரு நோயாளியின் கை வரைக்கும் எத்தனை பேர் அந்தத் தாளைப் பார்ப்பார்கள், யாராவது பிடித்துவிடுவார்கள் என்று நம்ப முடியாது.

மருந்துக் கம்பனிகளே பெயரை மாற்றிய கதைகளும் உண்டு. வயிற்றெரிவுக்கான லோசெக் என்ற மருந்து, சிறுநீர் பெருக்கும் லேசிக்ஸோடு குழம்பியதால் அமெரிக்காவில் 1990இல் ப்ரைலோசெக் ஆனது. மறதி நோய்க்கான ரெமினில், நீரிழிவு மருந்தான அமாரிலோடு குழம்பியதால் 2005இல் ராசடைன் ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்து விளம்பரம் செய்த பெயரை ஒரு கம்பனி கைவிடுகிறது என்றால், ஒலிக் குழப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்தது

அடுத்த நாள் பதில் வந்தது. செலெக்சா, 20 மி.கி., தினமும்.

தங்கச்சி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் சொற்கொப்பியை எடுத்து எழுதினார். கொப்பியில் நாலு பத்தி இருக்கிறது: எங்கள் காதில் எப்படி விழுந்தது, எந்த இடத்தில் வந்தது, சரியான எழுத்துக்கூட்டல், எங்கே சரிபார்த்தோம். கடைசிப் பத்தியை வெறுமையாக விட நான் சம்மதிப்பதில்லை. மருந்துக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் டெய்லிமெட் இணையத்தளம், மருத்துவச் சொல்லுக்கு டோர்லண்ட் அல்லது ஸ்டெட்மன் அகராதி. கூகுளில் எத்தனை பக்கம் வந்தது என்பது சான்று ஆகாது, பிழையான எழுத்துக்கூட்டலுக்கும் ஆயிரக்கணக்கில் பக்கங்கள் வரும். முதல் பத்தியைத் தமிழ் எழுத்தில், கேட்டபடியே எழுத வேண்டும் என்பதும் ஒரு விதி. 'வீட் லேண்டர்' என்று கேட்ட அடுத்த பிள்ளை அந்தக் கொப்பியில் வெய்ட்லேனரை 'வீ' வரிசையில்தான் தேடுவாள்.

அதே டொக்டரின் இன்னொரு கணுக்கால் ஃபைல் பிறகு வந்தது. வெய்ட்லேனர், எஸ்மார்க், கொட்டன் எல்லாம் சரியாக இருந்தன. முறிவு சின்டெஸ்மோசிஸுக்கு மேலே என்று டொக்டர் தெளிவாகச் சொல்கிறார், அடுத்த வசனத்தில் வெபர் பி என்றும் தெளிவாகச் சொல்கிறார். தங்கச்சி கேட்டதைக் கேட்டபடியே தட்டி, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று நேரம் குறித்துக் குறிப்பு அனுப்பியிருந்தார். என்னிடம் கேட்டுவிட்டு அனுப்பவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. டொக்டர் அதை சி என்று திருத்தி அனுப்பினார்.